ஓடை ஏன் ஆழமாகிக்கொண்டே போகிறது: இயற்கையா, மனித வேலையா, எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ரசமட்டம் (இழையைத் தொடங்கியவர்)

படுகை இறங்கிக்கொண்டே போகும் ஓடை அல்லது சிற்றாறு. கரை இடிகிறது, பாலத்தின் அடித்தளம் வெளியே தெரிகிறது, பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்குகிறது. "மழை மாறிவிட்டது" என்று ஒரு சாரார், "மணல் அள்ளியதுதான்" என்று இன்னொரு சாரார். பெரும்பாலும் இரண்டு பக்கமும் கையில் ஓர் அளவுகூட இல்லாமல்தான் பேசுகிறார்கள். களத்தில் எதைப் பார்த்தால், எதை அளந்தால் காரணத்தை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்? தடுப்பணை கட்டுவது பற்றியும் இங்கேயே பேசினால் நல்லது. காரணம் தெரியாமல் கட்டிய கல்லெல்லாம் அடுத்த வெள்ளத்தில் போய்விடுகிறது.

கரம்பை

முதலில் வெட்டு எந்தத் திசையில் நகர்கிறது என்று பாருங்கள். காரணம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அதுவே காட்டிக் கொடுத்துவிடும். மூன்று விதமாகத் தெரியும்.

படுகையில் திடீரென ஒரு படி. படிக்குக் கீழே ஆழம், மேலே பழைய மட்டம். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அந்தப் படி மேல்நோக்கி ஏறுகிறது. அப்படியானால் வில்லங்கம் கீழே இருக்கிறது. ஓடை போய்ச் சேரும் ஆறு தாழ்ந்திருக்கும், யாராவது படுகையில் குழி எடுத்திருப்பார்கள், வளைந்து போனதை நேராக்கியிருப்பார்கள், அல்லது சாலைக்கு அடியில் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதியதை அரை மீட்டர் தாழ்வாகப் போட்டிருப்பார்கள். கடைசியாகச் சொன்னதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. சாலைக் குழாயின் அடிமட்டம் என்பது அதற்கு மேலே உள்ள ஓடை முழுவதற்கும் வாசற்படி மாதிரி. அதைத் தாழ்த்தினால் மேலே உள்ளதெல்லாம் அதைத் தேடி இறங்கும்.

இரண்டாவது விதம்: ஓர் அணைக்கோ ஏரிக்கோ கீழே ஆழம் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. படுகையில் பொடி மணலே இல்லை, பருங்கல் மட்டும் ஓடு வேய்ந்ததுபோலப் படிந்திருக்கிறது. மேலே எங்கோ மணல் தேங்குகிறது, தெளிந்த நீர் மட்டும் கீழே வருகிறது என்று அர்த்தம்.

மூன்றாவது: நீளம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு ஆழம், கிளை ஓடைகளும் சேர்ந்தே இறங்கியிருக்கின்றன, எங்கும் தனியாகப் படி இல்லை. இது நீர் கூடியதற்கான அடையாளம். பிடிப்புப் பகுதியில் (மழைநீர் வடிந்து ஓடைக்கு வந்துசேரும் நிலத்தில்) கூரையும் தாரும் பரவியிருக்கலாம், காடு எரிந்திருக்கலாம், தரை மொட்டையாகியிருக்கலாம்.

கலந்தும் வரும். ஆனால் எது முதலில் தொடங்கியது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

செங்குத்து

கரம்பை சொன்னதற்குப் பின்னால் உள்ள கணக்கு எளிது. எமரி லேன் 1955-இல் தந்த தராசு: ஒரு தட்டில் மணல் அளவு × மணற்பருமன், மறுதட்டில் நீரளவு × சரிவு. ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் ஈடுகட்டும் வரை ஆறு படுகையை வெட்டும் அல்லது மேடாக்கும்.

நேராக்கிய ஆற்றை இதில் வைத்துப் பாருங்கள். 3 கி.மீ. வளைந்து ஓடி 3 மீட்டர் இறங்கிய ஓடையை 2 கி.மீ.க்குச் சுருக்கினால் சரிவு ஆயிரத்துக்கு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கு ஒன்றரையாகிறது. நீர் அதேதான், மணல் வரத்தும் அதேதான், இழுக்கும் சக்தி மட்டும் ஒன்றரை மடங்கு. அந்த உபரி எங்கே போகும்? படுகையைத்தான் தின்னும். மிசூரி மாநிலத்து பிளாக்வாட்டர் ஆற்றை 1910 வாக்கில் நேராக்கினார்கள். நீளம் ஏறத்தாழப் பாதியானது, சரிவு ஏறத்தாழ இரட்டித்தது. பிறகு அது தோண்டிக்கொண்டும் அகன்றுகொண்டும் போனதில் பாலங்களை நீட்ட வேண்டிவந்தது, மாற்ற வேண்டிவந்தது.

ஆறு தானாகவும் இப்படிச் செய்யும். வளைவின் கழுத்து அறுந்து குறுக்குவழி பிறந்தால் அதே கணக்குதான். ஆனால் ஒரு வளைவு அறுந்தால் வேறோர் இடத்தில் இன்னொரு வளைவு நீளும், மொத்த நீளம் பெரிதாக மாறாது. இயந்திரம் 10 வளைவுகளை ஒரே கோடையில் அறுத்துவிடுகிறது. வித்தியாசம் அங்கேதான்.

பழம்படுகை

"படி மேலே நகர்ந்தால் கீழே மனிதன் ஏதோ செய்திருக்கிறான்" என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். கடினப் பாறை அடுக்கு குறுக்கே வந்தாலும் படி இருக்கும், அது நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே நிற்கும். படியின் உதட்டைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பாறை என்றால் விட்டுவிடலாம். மண்ணோ வண்டலோ என்றால் நகரும் படி.

இன்னொன்று. அமெரிக்காவின் தென்மேற்கில் 1865 முதல் 1915 வரையான அரை நூற்றாண்டில் பள்ளத்தாக்குகளின் தட்டையான அடித்தளம் வரிசையாக வெட்டுண்டு செங்குத்துச் சுவர் ஓடைகளாகின. மாட்டு மந்தை வந்த காலமும் அதுதான், ஆகவே மேய்ச்சலே காரணம் என்றார்கள். ஆனால் அந்தச் சுவர்களிலேயே பழைய ஓடைகள் வெட்டுண்டு, பிறகு வண்டலால் நிரம்பிய தடங்கள் புதைந்து கிடந்தன. மந்தை வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இதே நாடகம் நடந்திருக்கிறது. மழைப்போக்கா, மேய்ச்சலா, பாதைகளும் கால்வாய்களுமா, எது எவ்வளவு என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துப் பிராவிடன்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கைப் பார்க்கிறவர்கள் லட்சக்கணக்கான ஆண்டுகளின் வேலை என்று நினைப்பார்கள். சில இடங்களில் 45 மீட்டர் ஆழம். 1800-களில் காட்டை வெட்டி உழுததன் விளைவு அது. அடியில் இருந்தது இறுகாத மணல், தடுக்கப் பாறை இல்லை. ஆழத்தை வைத்து வயதைச் சொல்லாதீர்கள்.

ரசமட்டம்

அப்படியானால் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வகம் இல்லாமல்?

பழம்படுகை

வெட்டுண்ட சுவரைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். மண்வெட்டியால் 1 மீட்டர் அகலத்துக்கு மேலிருந்து கீழாகச் சீவி, காய்ந்த பொறுக்கை எடுத்துவிட்டால் அடுக்குகள் தெரியும். கருத்த பட்டை என்றால் ஒரு காலத்தில் அது நிலத்தின் மேற்பரப்பு, புல் வளர்ந்த மண். அதற்கு மேலே கிடக்கும் வண்டல் பிற்பாடு வந்தது. அந்த வண்டலில் பிளாஸ்டிக் துணுக்கோ பாலித்தீன் பையோ இருந்தால் கடந்த 60, 70 ஆண்டுகளுக்குள் படிந்தது என்று துணிந்து சொல்லலாம். செங்கல் துண்டு, கண்ணாடி, ஆணி இவையும் உதவும். ஆனால் எலி வளைக்குள் விழுந்த பொருள் ஏமாற்றிவிடும். அடுக்கு அறுபடாமல் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

கரையில் நிற்கும் மரத்தின் வேர் இன்னொரு கடிகாரம். மண்ணுக்குள் இருந்த வேர் வெளியே வந்ததும் அதன் ஆண்டு வளையத்தின் அமைப்பே மாறும். குறுக்குவெட்டில் அந்த மாற்றத்துக்கு வெளியே உள்ள வளையங்களை எண்ணினால் எத்தனை ஆண்டு முன்பு மண் போனது என்று கிடைக்கும். தெளிவான வளையம் போடும் மரவகையில்தான் இது செல்லும்.

ஆய்வகம் கிடைத்தால் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளைத் தேடலாம். அணுகுண்டுச் சோதனைகளால் 1950-களின் தொடக்கத்திலிருந்து வானத்திலிருந்து விழுந்தது, 1963-ஐ ஒட்டி உச்சம். அது இல்லாத வண்டல் பெரும்பாலும் 1950-களுக்கு முந்தையது.

வழிந்தோடி

வேகத்தையும் ஒப்பிட வேண்டும். பாறையிலிருந்து புதுமண் உருவாவது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, பல இடங்களில் நூறில் ஒரு பங்கு. உழுத சரிவில் ஆண்டுக்கு 1 மி.மீ. போவது சாதாரணம். 1 மி.மீ. என்றால் கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஒரு ஹெக்டேருக்கு அது 10 கன மீட்டர், எடையில் சுமார் 13 டன். கண்ணுக்குத் தெரியாமல் போகிற இதுதான் கீழே படுகையை மேடாக்குகிறது. பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோரும் பள்ளத்தைப் பற்றியே பேசுகிறோம்.

முகத்துவாரம்

மணல் குழி விஷயத்தை யாராவது விரித்துச் சொல்வீர்கள் என்று பார்த்தேன். நானே சொல்கிறேன்.

100 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் குழி எடுத்தால் 6,000 கன மீட்டர். அந்த ஆறு ஆண்டுக்கு 2,000 கன மீட்டர் மணலைப் படுகையோடு உருட்டிக்கொண்டு வருகிறது என்று வையுங்கள். மூன்று ஆண்டு வரத்தும் குழியை நிரப்பவே சரி. அந்த மூன்று ஆண்டும் குழிக்குக் கீழே ஆறு பசியோடு ஓடும், கிடைத்த இடத்தில் படுகையையும் கரையையும் அரித்து எடுத்துக்கொள்ளும். குழியின் மேல்விளிம்பில் வேறு கதை. தட்டையாக வந்த நீர் அங்கே குப்புற விழுகிறது, விளிம்பு உடைந்து படி மேல்நோக்கி ஓடுகிறது. ஒரே குழி, இரண்டு திசையிலும் சேதம். "குழி நிரம்பிவிட்டதே, பாதிப்பு என்ன" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்: நிரம்பியது மேலிருந்து பிடுங்கிய மணலாலும், கீழே போயிருக்க வேண்டிய மணலாலும்.

போர்ச்சுகலில் டோரோ ஆற்றின் மீதிருந்த ஹிண்ட்ஸ் ரிபெய்ரோ பாலம் 2001 மார்ச் 4 இரவு வெள்ளத்தில் சரிந்து 59 பேர் இறந்தார்கள். தூணின் அடியில் படுகை அரிக்கப்பட்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் நடந்த மணல் எடுப்பும் காரணமாகச் சொல்லப்பட்டது.

செங்குத்து

பாலம் என்றதும் ஒரு எச்சரிக்கை. தூணைச் சுற்றி மட்டும் விழும் குழி வேறு, படுகை முழுவதும் இறங்குவது வேறு. முதலாவது தூண் இருப்பதாலேயே வருவது. நீர் தூணில் மோதிக் கீழ்நோக்கிச் சுழன்று தோண்டும். வெள்ளத்தின் உச்சத்தில் 3 மீட்டர் குழி விழுந்து, வடியும்போது அதே ஆறு அதை மூடிவிடும். கோடையில் போய் அளந்தால் எதுவும் நடக்காததுபோல் தட்டையாக இருக்கும். கோடை அளவை மட்டும் வைத்துப் பாலம் பத்திரம் என்று எழுதிக் கொடுப்பது ஆபத்து.

கரம்பை

அதற்குச் சங்கிலி வையுங்கள். செலவில்லாத கருவி, பதில் நேர்மையாக வரும்.

கோடையில் படுகையில் செங்குத்தாக ஒரு துளை, 2 மீட்டர். கடப்பாரையால் அல்லது குழாய் அடித்து. இரும்புச் சங்கிலியின் அடிநுனியில் ஒரு தகடோ குறுக்குக் கம்பியோ கட்டி இறக்கிவிட்டு மணலை நிரப்புங்கள். மேல்நுனி படுகை மட்டத்தோடு நிற்க வேண்டும், சில கண்ணிகள் மேலே கிடந்தாலும் சரி. இடத்தைக் கரையில் உள்ள இரண்டு நிலைப்புள்ளிகளிலிருந்து நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெள்ளத்துக்குப் பிறகு தேடியே சலித்துப்போவீர்கள்.

வெள்ளம் படுகையை அரிக்கும்போது மணல் இழந்த பகுதி வரை சங்கிலி மடிந்து கீழ்த்திசையில் சாயும். வடியும்போது மணல் அதன்மேல் படியும். பிறகு தோண்டிப் போனால் சங்கிலி ஓரிடத்தில் செங்குத்திலிருந்து கிடைமட்டமாகத் திரும்பியிருக்கும். அந்த முழங்கை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதுவரை அரித்திருக்கிறது. முழங்கைக்கு மேலே உள்ள மணல் திரும்ப நிரம்பியது. ஒரே சங்கிலியில் இரண்டு அளவு.

ரசமட்டம்

அருமை. படுகை முழுவதும் இறங்கியதா என்பதற்கு?

செங்குத்து

நீரளவு நிலையம் பக்கத்தில் இருந்தால் அதன் பழைய பதிவுகளைக் கேளுங்கள். ஒரே நீரளவுக்கு, உதாரணமாக விநாடிக்கு 10 கன மீட்டர் ஓடியபோது, நீர்மட்டம் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு என்று எடுத்து வரிசையாக வரையுங்கள். படுகை நிலையாக இருந்தால் கோடு படுத்துக் கிடக்கும். இறங்கினால் கோடும் இறங்கும். மழை குறைந்ததால் மட்டம் குறைந்ததா என்ற குழப்பமே வராது, ஏனென்றால் நீரளவை நாமே நிலையாகப் பிடித்துவிட்டோம்.

நிலையம் இல்லையென்றால் நெடுக்குவெட்டு. படுகையின் மிகத் தாழ்ந்த கோட்டில் 10 அல்லது 20 மீட்டருக்கு ஒரு புள்ளி, சரிவு மாறும் இடத்தில் கூடுதல் புள்ளி. ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி) இருந்தால் நல்லது. இல்லையென்றால் 15 மீட்டர் நீள ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி மட்டம் பிடிக்கலாம், காற்றுக் குமிழ் ஒன்றுகூட இருக்கக் கூடாது, குழாயின் ஒரு பகுதி வெயிலிலும் மறுபகுதி நிழலிலும் கிடந்தாலும் பிசகும். வரையும்போது உயரத்தை 10 மடங்கு பெரிதாக்குங்கள். சரிவு 0.5 சதவீதத்தை அப்படியே வரைந்தால் கோடு தட்டையாகத் தெரியும், படி எதுவும் கண்ணில் படாது.

முகத்துவாரம்

நிலைப்புள்ளியே நகர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கேலிபோர்னியாவின் சான் வாக்கீன் சமவெளியில் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் தரை 1925-க்கும் 1977-க்கும் இடையில் ஓரிடத்தில் சுமார் 9 மீட்டர் இறங்கியது. மின்கம்பத்தில் ஆண்டுகளை எழுதிவைத்து எடுத்த படம் பலர் பார்த்திருப்பீர்கள். களிமண் அடுக்கிலிருந்து நீர் வெளியேறி அடுக்கு நசுங்கினால் திரும்ப உப்பாது. பிற்பாடு மழை கொட்டினாலும் இழந்த உயரம் போனதுதான். அதே சமவெளியில் பிரையன்ட்-கெர்ன் கால்வாய் நடுவில் தாழ்ந்துபோய், நீரைக் கடத்தும் திறனில் பாதிக்கு மேல் இழந்தது. கால்வாயைக் கட்டியவர்கள் சரிவில் தவறு செய்யவில்லை, தரைதான் காலை வாரிவிட்டது.

களத்தில் அடையாளம்: ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாய் ஆண்டுக்கு ஆண்டு தரையிலிருந்து உயர்ந்துகொண்டே வருவதுபோலத் தெரியும். குழாய் உயரவில்லை.

புல்லறுகு

சரி, தடுப்பணைக்கு வருவோம். சிறு ஓடையில் அடுக்குக்கல் தடுப்பணை போகும் காரணங்கள் பெரும்பாலும் நான்குதான். அடிக்கடி பார்ப்பது முதலாவது.

நடுவில் வழி விடாமல் மேல்விளிம்பை நேர்கோடாக வைப்பது. வெள்ளம் ஓரத்தில் கரையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு போகும், மறுநாள் ஓடை ஒரு பக்கம், அணை ஒரு பக்கம். நடுப்பகுதி இரு ஓரங்களைவிட 20, 30 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், கலிங்கு மாதிரி. அந்தத் தாழ்வுக்குள்ளேயே பெருவெள்ளம் அடங்கும் அகலம் வேண்டும்.

இரண்டு, கரைக்குள்ளும் படுகைக்குள்ளும் கல்லைப் புதைக்காதது. படுகையில் குறைந்தது 30 செ.மீ., இரு கரையிலும் 50, 60 செ.மீ. உள்ளே.

மூன்று, விழும் நீருக்குக் கீழே தளம் இல்லாதது. அணையின் உயரத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளத்துக்குக் கல் பரப்புங்கள், அதையும் படுகை மட்டத்தோடு புதைத்து. மேலே துருத்திக்கொண்டு நின்றால் அதுவே இன்னொரு படி.

நான்கு, கல்லின் இடுக்கு வழியே பின்னால் உள்ள மண் கரைந்து போவது. பருங்கல்லை மட்டும் கொட்டி வைத்தால் நீர் உள்ளே புகுந்து மண்ணைக் கொண்டுபோகும், கல் மட்டும் அந்தரத்தில் நிற்கும். பின்பக்கம் சரளை, அதற்குப் பின்னால் மணல், அல்லது ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி).

உயரம் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம். உயரமாக ஒன்று கட்டுவதைவிடத் தாழ்வாக ஐந்து கட்டுவது மேல். மேலே நுனியில், நீர் குறைவாக உள்ள இடத்தில், ஒரே ஒரு கல் உயரத்துக்கு நெருக்கி அடுக்கிய வரிசையே போதும்.

வழிந்தோடி

இடைவெளி? கீழ் அணையின் கலிங்கு மட்டமும் மேல் அணையின் அடிமட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 5 சதவீதச் சரிவில் 1 மீட்டர் அணை என்றால் 20 மீட்டருக்கு ஒன்று. இவ்வளவு நெருக்கமாகக் கட்டக் கல்லுக்கு எங்கே போவது?

புல்லறுகு

அந்த விதி, தேங்கும் வண்டல் மட்டமாக, சரிவே இல்லாமல் படியும் என்று எடுத்துக்கொள்கிறது. அப்படிப் படியாது. ஹீடே என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் கொலராடோவில் அளந்து, 20 சதவீதத்துக்குக் குறைவான சரிவில் வண்டல் பழைய சரிவில் பத்தில் ஏழு பங்குடன், அதாவது 0.7 மடங்குடன் படிகிறது என்று கண்டார். அப்படியானால் ஈடுகட்ட வேண்டியது மீதி 0.3 மட்டுமே. 1 ÷ (0.3 × 0.05), ஏறக்குறைய 67 மீட்டர். மூன்றில் ஒரு பங்கு அணைகள் போதும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 67 வைக்காதீர்கள். அது பருமணலும் சரளையும் வரும் ஓடையில் கிடைத்த எண். பொடி வண்டலோ களிமண்ணோ வரும் ஓடையில் படிவு தட்டையாகவே இருக்கும், அங்கே நெருக்கித்தான் கட்ட வேண்டும். ஏற்கெனவே ஓடையில் விழுந்து கிடக்கும் மரத்துக்கோ பாறைக்கோ பின்னால் தேங்கிய மணலின் சரிவை அளந்து பாருங்கள். உங்கள் ஓடைக்கான எண் அதுதான்.

கரம்பை

மண் கரையும் வகையா என்று பார்க்காமல் எதையும் கட்ட வேண்டாம். உலர்ந்த மண்ணில் 6 முதல் 8 மி.மீ. உருண்டை ஒன்றை, தெளிந்த மழைநீர் உள்ள கண்ணாடிக் குவளையில் மெதுவாக இறக்குங்கள். அசைக்கக் கூடாது. உதிர்ந்து குவியலாக விழுந்தால் பரவாயில்லை, அது வெறும் உதிர்வு. உருண்டையைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் கலங்கல் பரவி, இரண்டு மணி நேரம் கழித்தும் அடங்காமல் நின்றால் சோடியம் மிகுந்த மண். குழாய்நீரில் சோதித்தால் அதிலுள்ள உப்பு கலங்கலை அடக்கி ஏமாற்றிவிடும்.

அந்த வகை மண்ணில் தடுப்பணை கட்டி நீரைத் தேக்கினால் நீர் கரைக்குள் சிறு குழாய்போல் வழி தேடிக்கொண்டு வெளியேறும். மேலே எதுவும் தெரியாது. ஒரு நாள் கரை உள்வாங்கி விழும். அங்கே நீரைத் தேக்குவதைவிட ஜிப்சம் சேர்த்து, நீரைப் பள்ளத்துக்கு வராமல் மேலேயே திருப்பிவிடுவதுதான் வழி.

ரசமட்டம்

மரம் நட்டால் நின்றுவிடும் என்கிறார்களே?

புல்லறுகு

பள்ளத்தின் விளிம்பில் மரம் நடுவதில் பயன் குறைவு. கரை வேரைவிட ஆழமாக அறுக்கப்படுகிறது, மரம் கரையோடு சேர்ந்து விழுந்து நீரைத் திருப்பி எதிர்க்கரையையும் உடைக்கும். படுகைக்குள் புல்தான் வேலை செய்யும். வெட்டிவேரை நீரோட்டத்துக்குக் குறுக்கே, தூருக்குத் தூர் 10, 15 செ.மீ. நெருக்கத்தில், ஒரு தூருக்கு இரண்டு மூன்று பக்கக் கன்றுகள் வைத்து நடலாம். வரிசையில் ஒரு முழ இடைவெளி விட்டால் போதும், நீர் அந்த ஓட்டையில் குவிந்து புதுப்பள்ளம் பறிக்கும். முதல் பருவத்தில் செத்த இடங்களை நிரப்பாமல் விடுவதுதான் இது தோற்பதற்குக் காரணம்.

பழம்படுகை

எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முதலில் ஆழமாகும். கரை தாங்கும் உயரத்தைத் தாண்டியதும் அகலமாகும். இடிந்த மண் அடியில் குவிந்து, பழைய பள்ளத்துக்குள்ளேயே புதிய சிறு ஓடையும் புதிய வெள்ளத் தளமும் உருவாகும். அகலமாகும் கட்டத்தில் இருக்கும் ஓடையின் கரையில் கல் அடுக்குவது வீண்செலவு. கரை எப்போது இடிகிறது என்று கவனியுங்கள், வெள்ளம் ஏறும்போது அல்ல, வடிந்த பிறகு. ஊறிக் கனத்த கரைக்கு எதிர்ப்பக்கம் தாங்கிநின்ற நீர் போய்விடுகிறது, அப்போதுதான் பெயர்கிறது. படுகையில் புல் முளைத்து நிலைத்துவிட்டது, இடிந்த மண்ணை வெள்ளம் கொண்டுபோகவில்லை என்றால் அதைத் தொடாதீர்கள். தானாக ஆறிவரும் புண்.

முகத்துவாரம்

காலதாமதத்தையும் மறக்க வேண்டாம். கேலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் பீய்ச்சும் நீரால் மலையைக் கரைத்துத் தங்கம் எடுத்தது 1884-இல் நீதிமன்றத் தீர்ப்பால் ஏறக்குறைய நின்றது. மணல் நிற்கவில்லை. சாக்ரமென்டோ நகரருகே ஆற்றின் தாழ்நீர் மட்டம் சுமார் 3 மீட்டர் உயர்ந்து, மணல் அலைபோலக் கடந்து போய், பழைய மட்டத்துக்கு இறங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. கில்பர்ட் என்ற நிலவியலாளர் 1917-இல் இதை விரிவாக எழுதினார். அந்த அலை இறங்கும் காலத்தில் வந்து அளந்தவர், படுகை ஏதோ கோளாறால் தாழ்கிறது என்றே சொல்லியிருப்பார். உண்மையில் அது மீண்டுகொண்டிருந்தது.

வழிந்தோடி

அணைக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆற்றில் 33 மீட்டர், 64 மீட்டர் உயர அணைகள் இரண்டையும் 2011 முதல் 2014 வரை படிப்படியாக எடுத்தார்கள். தேங்கிக் கிடந்தது சுமார் 2 கோடி கன மீட்டர் வண்டல். ஒரே நாளில் உடைக்காமல் இடைவெளி விட்டு இறக்கியதற்குக் காரணம், அவ்வளவும் ஒரே வெள்ளத்தில் கீழே வந்துவிடக் கூடாது என்பதுதான். பல பத்தாண்டுகளாகத் தேய்ந்துகொண்டிருந்த முகத்துவாரத்தில் அந்த மணல் வந்து புதிய கரை போட்டது. நைலில் இதற்கு எதிர்க்காட்சி: 1970-இல் எகிப்தின் அஸ்வான் உயர் அணை முடிந்தபின், நைல் கடலில் சேரும் ரொசெட்டா முனை சில காலம் ஆண்டுக்கு 100 மீட்டர் அளவுக்குக் கடலிடம் இழந்தது, கடைசியில் கற்சுவர் போட்டார்கள். சுவருக்கு அடுத்த பகுதி அரிக்கத் தொடங்கியது.

ரசமட்டம்

கரம்பை, அந்தச் சங்கிலியைப் பற்றி ஒரு சந்தேகம். கண்ணி எவ்வளவு கனம்? சரளைப் படுகைக்கும் மணல் படுகைக்கும் ஒன்றேயா?

கரம்பை

மணலில் 5, 6 மி.மீ. கம்பிக் கண்ணி போதும். சரளையில் 8 மி.மீ.க்குக் குறைய வேண்டாம், உருளும் கல் அறுத்துவிடும். பெரிய கண்ணி என்றால் மடிப்பு வட்டமாக விழும், முழங்கை எங்கே என்று 5 செ.மீ. வரை தடுமாறும். சிறியதாக, நெருக்கமாக உள்ள கண்ணியே நல்லது. ஒரு குறுக்குவெட்டில் ஒன்று வைத்துப் பயனில்லை, கரையிலிருந்து கரைக்கு குறைந்தது மூன்று. துளை தோண்டியதும் மணலை நன்றாகக் குத்தி நிரப்புங்கள். தளர்வாக விட்டால் அந்த இடம் மட்டும் முதலில் அரித்து, சங்கிலி பொய் சொல்லும்.